சிவனாண்டி சொல்லாத சொல்

“ஒரு டீ. சக்கர கம்மி. கண்ணாடி கிளாஸ்ல” என்று சொல்லிவிட்டுச் சிவனாண்டி நகராமல் நிற்கிறார். டீக்கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். அது போதாது. “என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லும் வே.” காலை எட்டேகால் மணி. மும்பை மாதுங்கா ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் ஐந்தாறு பேர் பின்னால் நிற்கிறார்கள். கடைக்காரர் கொதிக்கும் பாலிலிருந்து கண்ணை எடுக்காமல், பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்கிறார்: “ஒரு டீ, சக்கர கம்மி, கண்ணாடி கிளாஸ்.” அதைக் கேட்ட பிறகுதான் சிவனாண்டி ஒதுங்கி வழி விடுகிறார். அந்தக் கடையில் அவர் பத்து வருடமாக அதே டீயைத்தான் குடித்துவருகிறார்.

லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்து நான்கு. மாதுங்காவிலிருந்து செம்பூர் வரை பதினான்கு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. ஒல்லி உடம்பு. முன்கைகள் மட்டும் வேறு யாரிடமிருந்தோ வாங்கி மாட்டியதுபோல் தடித்திருக்கும். சட்டையில் கிரீஸ் கறை படாத இடம் காலர் ஒன்றுதான். “தொவச்சுத் தொவச்சு சோப்புதான் கருத்துப்போச்சு, சட்ட வெளுக்கல” என்பார் அவர் மனைவி தங்கமயில். தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலே அவர்கள் வீடு. செங்குத்தான இரும்புப் படியில் ஏறும்போது இரண்டு பக்கச் சுவரும் தோளில் இடிக்கும்.

வாட்ச்மேன்கள் அவருக்கு ‘அனௌன்ஸ்மென்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரயில் நிலைய ஒலிபெருக்கிபோல் எதையும் முழு வாக்கியமாகச் சொல்லுவார். அதைக் கேட்டவர் முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். “ஓகே”, “ம்”, “ஆச்சு” போன்ற சில்லறைப் பதில்கள் அவரிடம் செல்லாது. வீட்டிலும் அப்படித்தான். “வரும்போது பச்சமொளகா வாங்கிட்டு வாங்க” என்று தங்கமயில் போனில் சொன்னால், “வரும்போது பச்சமொளகா வாங்கிட்டு வாரேன்” என்று இவர் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கம் போன் வைக்கப்படுவதில்லை. பழக்கிவைத்திருக்கிறார்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு மொழிபெயர்ப்பு வேலையால். தாராவி, கோவண்டி பக்கம் புதிதாக எழும்பிய உயரக் கட்டடங்களில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்காக, லிஃப்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று ஒரு அறிவிப்புப் பலகையைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். பெட்டியும் கயிறும் படம் போட்டு விளக்கியிருந்த ஆங்கிலத் தாளில் ‘கவுன்ட்டர்வெயிட்’ என்ற சொல் எனக்குத் தமிழில் பிடிபடவில்லை. பெட்டி ஒரு பக்கம் தொங்குகிறது. கயிற்றின் மறுமுனையில், சுவரோரமாக, இரும்புக் கட்டிகள் அடுக்கிய சட்டம் ஒன்று தொங்குகிறது. பெட்டி ஏறினால் அது இறங்கும், பெட்டி இறங்கினால் அது ஏறும். நான் ‘எதிர்ப்பாரம்’ என்று எழுதி, சரியா என்று கேட்க எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போனேன்.

சிவனாண்டி தாளைக் கையில் வாங்கவில்லை, கையில் கிரீஸ். கழுத்தை நீட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“எதிர்ப்பாரமா? எதிரின்னா சண்டக்காரன் மாதிரில்லா இருக்கு சார். அது கூட்டாளில்லா. அது இல்லன்னா மோட்டார் மூச்சுவிட முடியாது.”

பிறகு மோட்டாரின் கைச்சக்கரத்தின்மேல் சாய்ந்துகொண்டு, அந்தத் தொழிலில் வெளியாட்கள் யாரும் நம்பாத ஒரு விஷயத்தைச் சொன்னார். “சனங்க பூரா, ரோப் அந்துரும், பெட்டி கீழ விழுந்துரும்னுதான் பயப்படுது. காலிப் பெட்டி கீழ வராது சார். மேலதான் போவும். ஆள் இல்லாட்டி இரும்புப் பக்கந்தான் கனம். பிரேக்கத் தொறந்து விட்டா இரும்பு இறங்கும், பெட்டி மேல பாயும். பாதி ஆள் ஏறி நின்னாத்தான் ரெண்டும் ஒத்துக்கு ஒத்து நிக்கும்.”

‘ஒத்துக்கு ஒத்து’ என்பதைக் குறித்துக்கொண்டேன். வேறு என்னவெல்லாம் சொல்வார்கள் என்று கேட்டேன். மனிதர் உற்சாகமாகிவிட்டார். தராசில் என்றால் ‘சரிக்குச் சரி’. ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்தால் ‘ஈடு’. வண்டி மாடு இரண்டும் ஒன்றுபோல் இழுத்தால் ‘சோடி சேந்துட்டு’. பாரம் தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தோள் கொடுத்தால் ‘பிடி ஒத்துட்டு’. விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார்.

“பம்பாய்ல எல்லாரும் சொல்ற வார்த்தைய விட்டுட்டீங்களே? பராபர்!” என்றேன் நான், சிரித்துக்கொண்டே.

அவர் விரல்களை மடக்கினார். கைச்சக்கரத்தை ஒரு தடவை துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “கீழ நாலாவது மாடி கதவு சரியா சாத்தல. பாத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் திருப்பிச் சொல்லட்டும் என்றுகூட அவர் நிற்கவில்லை.

இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இங்கே வசிப்பவர்களுக்குத்தான் தெரியும். ஹிந்தியோ, மராட்டியோ, நாம் பேசும் கலப்படத் தமிழோ, எதிலும் அது உண்டு. எடை சரியாக இருந்தால் பராபர். ரோடு சமமாக இருந்தால் பராபர். வழி கேட்டவர் சரியாகப் புரிந்துகொண்டால் பராபர். நீ தயாரா என்று கேட்டால் பராபர்; போதும் நிறுத்து என்பதற்கும் பராபர்; மேலே நடத்து என்பதற்கும் பராபர். ஒரு சொல்லுக்குள் இத்தனை பேர் நெருக்கியடித்துக் குடியிருப்பதில் எனக்கு அதுவரை ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அடுத்த மாதம் எங்கள் லிஃப்ட் மின்சாரம் போய் மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் நின்றது. உள்ளே நானும் எங்கள் சொசைட்டி செயலாளர் சுந்தரராமனும். சிவனாண்டி அப்போது மேலே மெஷின் ரூமில்தான் இருந்தார். கையால் சுற்றிப் பெட்டியை மூன்றாவது மாடி மட்டத்துக்குக் கொண்டுவருவதாகக் குரல் கொடுத்தார். “பெட்டி மூணாவது மாடி மட்டத்துக்கு வந்ததும், ‘மூணாவது மாடி மட்டத்துல நிக்கி’ன்னு சொல்லணும். என்ன சொன்னேன்?” நான் திருப்பிச் சொன்னேன். பெட்டி விரல் விரலாக இறங்கியது. கதவிடுக்கில் மூன்றாவது மாடித் தரை தெரிந்து, நேராக வந்து பொருந்தியது.

சுந்தரராமனுக்குச் சுபாவத்திலேயே அவசரம். “பராபர் ஹை! பராபர் ஹை! போறும் ஓய், வந்துடுத்து!” என்று மேலே பார்த்துக் கத்தினார்.

பெட்டி நின்றது. ஆனால் சிவனாண்டியிடமிருந்து சத்தமில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சுந்தரராமன் அவரைத் திட்ட ஆரம்பித்திருந்தார். கடைசியில் வெளிக் கதவு திறந்தது. சிவனாண்டி நின்றிருந்தார். சட்டை முழுதும் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“அந்த வார்த்தய லிஃப்ட்டுக்குள்ள இருந்து சொல்லாதிய” என்றார். “ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்.”

அன்று மாலை நானே மெஷின் ரூமுக்குப் போனேன். அவர் கேட்காமலே பேசினார். நசீர் என்பது அவருடைய கூட்டாளியின் பெயர். நசீருக்குக் கடையநல்லூர், இவருக்குச் சுரண்டை. ஒரே ஒப்பந்தக்காரரிடம் பதினாறு வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மெஷினில், ஒருவர் பெட்டியின்மேல். இவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டதே இல்லை. சிவனாண்டி மெஷின், நசீர் பெட்டி. “அவன் வாயில வேற வார்த்தயே வராது சார். டீ எப்படிலேன்னா அந்த வார்த்த. மழ பெய்யுதான்னா அந்த வார்த்த. பொண்டாட்டி ஏசுனாளாலேன்னா அதுக்கும் அதே வார்த்ததான். சிரிச்சிக்கிட்டே சொல்லுவான்.” கதை முழுவதிலும் அவர் ‘அந்த வார்த்தை’ என்றுதான் சொன்னார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, செம்பூரில் ஒரு பழைய ஏழு மாடிக் கட்டடம். பெட்டி ஏழாவது மாடிக்குச் சற்றுக் கீழே நின்றது. அதன் கூரைமேல் நசீர் குந்தியிருந்து, சுவரோரத் தண்டவாளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தலைக்கு மேல் காங்கிரீட் தளம். அந்தத் தளத்தின்மேல், மெஷின் பக்கத்தில், சிவனாண்டி. இருவருக்கும் நடுவில் கயிறு போகிற துளை ஒன்றுதான். அதன் வழியாகத்தான் பேச்சு. பெட்டியை இன்னும் இரண்டு விரல் உயர்த்தவேண்டியிருந்தது. பிரேக் நெம்புகோலில் கையை வைத்துக்கொண்டு சிவனாண்டி துளையில் குனிந்து கேட்டார்: “பராபர்?”

நசீர் கீழேயிருந்து சொன்னார்: “பராபர்.”

சிவனாண்டி பிரேக்கைத் திறந்தார்.

“நா கேட்டது, நீ தயாரான்னு. தொறக்கட்டுமான்னு. அவன் சொன்னது, இப்பவே மட்டம் சரியா இருக்கு, இதுக்கு மேல வேண்டாம்னா? இல்ல, தயார்னா? எந்திரிச்சு நின்னானா, குனிஞ்சு இருந்தானா? எனக்குத் தெரியாது சார். பிரேக்கு பழசு. கொஞ்சமாத் தொறக்கணும், பூராவும் தொறந்துட்டு. பெட்டில ஆளு இல்ல. இரும்பு இழுத்துட்டு, பெட்டி மேல பாஞ்சிட்டு.”

பிறகு சொன்னதை அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். “என் காலுக்குக் கீழ. நான் நின்ன தளத்துக்கு அடியில. செருப்புல தெரிஞ்சுது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். இது பாதிதான் என்றார்.

மறுநாள் போலீஸில் வாக்குமூலம். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு மராட்டி எழுதப் படிக்கத் தெரியாது. இவர் சொல்ல, அவர் எழுதினார். நான் ‘பராபர்?’ என்று கேட்டேன், அவன் ‘பராபர்’ என்றான் என்று சிவனாண்டி சொன்னார். எழுதியவர் பேனாவை நிறுத்தினார். அப்படியென்றால், பிரேக்கைத் திறக்கலாமா என்று நீ கேட்டாய், திறக்கலாம் என்று அவர் சொன்னார், அப்படித்தானே? என்று கேட்டார்.

“நா தலய ஆட்டுனேன் சார்.”

அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலை ஒப்பந்தக்காரரின் வக்கீல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இறந்தவரே உத்தரவு கொடுத்திருக்கிறார். ஆகவே தவறு இறந்தவருடையது. ஆகவே நஷ்டஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை. நசீரின் மனைவி பேகமும் ஒன்பது வயது மகள் ஜோயாவும் வெறுங்கையோடு கோவண்டிக்குத் திரும்பினார்கள். சிவனாண்டி மேல் வழக்கு வரவில்லை.

“பாத்தியளா, ஒத்துக்கு ஒத்து” என்றார். “நா வெளிய நிக்கணும்னா அவ உள்ள அழணும். நா உள்ள போயிருந்தா அவளுக்கு ஈடு கெடச்சிருக்கும். ஒரு பக்கம் ஏறுனா ஒரு பக்கம் இறங்கும்லா.”

பதினோரு வருடம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அவர் கோவண்டிக்குப் போனார். குடிசையின் கூரைத் தகரம் மாற்றினார். தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போட்டார். ஜோயாவைப் பள்ளியில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டார். அவள் கல்லூரிக்குப் போன முதல் நாள் பஸ் ஏற்றிவிட்டார். பேகம் அவரை “அண்ணாச்சி, தின்னுட்டுத்தான் போணும்” என்று உட்கார வைத்துச் சோறு போடுவார். ஒப்பந்தக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பதுதான் பேகத்துக்குத் தெரிந்தது. எதை வைத்து ஏமாற்றினான் என்பது தெரியாது. தங்கமயில் ஒருமுறை கேட்டாராம், சொல்லிவிட வேண்டியதுதானே என்று. “சொல்லணும்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போறேன்” என்றாராம் இவர். “அவ சோத்த வச்சிருதா. தின்னுட்டு வந்துருதேன்.”

சென்ற வருடம் அந்தக் குடிசைகளை இடித்துவிட்டு எல்லோருக்கும் உயரக் கட்டடத்தில் வீடு ஒதுக்கினார்கள். பழைய ஆவணங்கள் எல்லாம் கேட்டார்கள். ஜோயா தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதில், அந்த வாக்குமூலத்தின் நகலும் வந்து விழுந்தது. இந்த ஊரில் படித்த பெண். தமிழ் எழுத்துதான் தடுமாறும், மராட்டி தண்ணீர்போல் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சிவனாண்டி உள்ளே நுழைந்தபோது தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அங்கிள், பிரேக்கைத் தொறக்கவான்னு நீங்க கேட்டீங்க. வாப்பா தொறங்கன்னு சொன்னாங்க. இதுல அப்படித்தான் லிக்கா ஹை. சச் ஹை க்யா? நிஜந்தானா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தாளில் இருப்பதும் அதுதான். அரசாங்க முத்திரையும் இருக்கிறது. பதினோரு வருடமாகச் சொல்ல முடியாத ஒன்றை அன்று எது சொல்லவைத்தது என்று அவருக்கும் தெரியவில்லை. “நா அப்படிக் கேக்கல தாயி” என்றார். “ஒத்த வார்த்ததான் கேட்டேன். அவனும் ஒத்த வார்த்ததான் சொன்னான். அவன் தொறக்கச் சொன்னானா, வேண்டாம்னு சொன்னானா, எனக்குத் தெரியாது. எழுதுனவருக்கு நான் தலய ஆட்டிட்டேன்.”

அடுப்பருகில் இருந்த பேகம் எழுந்து வந்தார். கத்தவில்லை, அழவில்லை. சிவனாண்டியின் முகத்தைப் பார்த்தாராம்.

“பதினோரு வருசம் இங்க ஒக்காந்து சோறு தின்னியளே, அண்ணாச்சி” என்றார்.

கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தட்டியபோது ஜோயாதான் ஜன்னல் வழியாகப் பேசினாள். “உம்மாக்குத் தபியத் சரியில்ல. போங்க அங்கிள். இல்லன்னா மறுபடி அழுவாங்க.”

அந்த மறுபடி என்ற சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சிவனாண்டி போலீஸ் நிலையத்துக்குப் போனார், வாக்குமூலத்தைத் திருத்தவேண்டும் என்று. அங்கே இருந்தவர் சின்ன வயசு அதிகாரி. நாற்காலி கொடுத்து உட்காரவைத்து, முழுதையும் கேட்டார். கேட்டுவிட்டு, உண்மையிலேயே புரியாமல், “பராபர் மத்லப் பராபர்” என்றார். பராபர் என்றால் பராபர்தானே, அதில் இரண்டு அர்த்தம் எங்கிருந்து வந்தது? வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது, காகிதக் கட்டும் இங்கே இல்லை, வீட்டுக்குப் போங்கள். வக்கீல் ஒருவரும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். ஒப்பந்தக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். தண்டிக்கவோ மன்னிக்கவோ இனி ஒருவரும் மிச்சமில்லை. “என்ன உள்ள தூக்கிப் போடுங்கன்னு கேட்டேன் சார். அதுக்கும் ஒரு நேரம் இருக்காம். போயிட்டாம்.”

புதிய கட்டடத்தில் பேகத்துக்கு விழுந்தது ஒன்பதாவது மாடி. குலுக்கலில் வந்தது, மாற்ற முடியாது என்றார்கள். இரண்டு லிஃப்ட் இருக்கிறது. பேகம் இரண்டிலும் ஏறுவதில்லை. நசீர் போன நாளிலிருந்தே எந்த லிஃப்டிலும் அவர் கால் வைத்ததில்லை. குடிசையில் இருந்தவரைக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்போது பால், காய்கறி, மருந்து எல்லாவற்றுக்கும் ஒன்பது மாடி இறங்கி ஒன்பது மாடி ஏறுகிறார். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. ஜோயா கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

அந்த லிஃப்டுகளைக் கவனிக்கும் வேலையைச் சிவனாண்டி தேடிப் போய்க் கேட்டார். வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்றார்கள். ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ச் சும்மா நிற்கிறார்.

சென்ற ஞாயிறு என்னையும் வரச் சொன்னார். கோவண்டி ஸ்டேஷனிலிருந்து நடந்தோம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு உடைந்த சிமென்ட் தொட்டி. அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். லிஃப்ட் கதவு திறந்து திறந்து மூடியது. குடும்பம் குடும்பமாக ஏறிப் போனார்கள். பதினொன்றரை மணி இருக்கும். கறுப்பு புர்கா அணிந்த, குட்டையான ஒரு பெண்மணி சந்தைப் பையோடு வந்தார். முகத்திரையை மேலே போட்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. லிஃப்ட் பக்கமும் பார்க்கவில்லை. ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறுகைப் பையின் கனத்துக்கு உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்து, முதல் படியில் ஏறினார்.

சிவனாண்டி எழுந்தார். “நீங்க லிஃப்ட்ல வாங்க சார்” என்றார். நான் தலையசைத்து மறுத்தேன். அவர் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

ஒரு வளைவு இடைவெளி விட்டு அவர் ஏறினார். பேகம் நின்றால் இவரும் நின்றார். பேகம் நடந்தால் இவரும் நடந்தார். ஐந்து மாதமாக இப்படித்தானாம். பேகம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வராதே என்றும் சொன்னதில்லை. மேலே வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் இவர் இறங்கிவிடுவார். “விழுந்தா பிடிக்கணும்லா” என்று மூன்றாவது மாடியில் என்னிடம் கிசுகிசுத்தார். எனக்கும் மூச்சு வாங்கியது. சுவரெல்லாம் புது வண்ணத்தின் வாடை. எங்கோ ஒரு வீட்டில் டிவி. இன்னொரு வீட்டில் மீன் பொரிக்கும் சத்தம். அதற்கு மேலாகப் பேகத்தின் மூச்சு, ரம்பம் இழுப்பதுபோல், மேலேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏழாவது மாடிக்கு நான்கு படி கீழே பேகம் நின்றுவிட்டார். பையைப் படியில் வைத்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கைகளின்மேல் கவிழ்த்தார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். முதுகு ஏறி ஏறி இறங்கியது.

சிவனாண்டி வளைவைத் தாண்டினார். அதுவரை தாண்டியதில்லை என்பது அவர் கால் வைத்த விதத்திலேயே தெரிந்தது. படி படியாக ஏறி, பேகத்துக்கு இரண்டு படி கீழே போய், குனிந்து, பையின் காதை நோக்கிக் கையை நீட்டினார்.

“தங்கச்சி, பைய நா கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போயிருதேன்” என்றார். “உள்ள வரமாட்டேன்.”

பேகம் தலையைத் தூக்கினார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டியிருந்த கையைப் பார்த்தார். தடித்த முன்கை, காய்த்துப்போன விரல்கள், நகக்கண்ணில் கறுப்பு. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வையலாம், அல்லது சரி என்று சொல்லலாம். இரண்டில் எது வந்திருந்தாலும் அந்த மனிதர் அதை வைத்துப் பிழைத்துக்கொண்டிருப்பார்.

பேகம் பையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டார். முழங்காலை ஊன்றி, அடுத்த படியில் ஏறினார்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பை இருந்த படியில், கீரைக்கட்டிலிருந்து வடிந்த தண்ணீர் ஒரு கையளவு தேங்கியிருந்தது. வழவழப்பான புதுக் கல். சிவனாண்டி குந்தி உட்கார்ந்தார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, அந்தப் படியை ஈரம் போகத் துடைத்தார். பை சொட்டிக்கொண்டே மேலே போயிருந்தது. அடுத்த படியில் ஒரு சொட்டு, அதையும் துடைத்தார். மேலே எட்டாவது மாடிக்குக் காலடிச் சத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவர் குந்திய நிலையிலேயே ஒரு படி மேலே நகர்ந்து, அங்கே விழுந்திருந்த துளியின்மேல் துணியை வைத்தார்.